வீட்டு ரவுட்டருக்குப் புது ஐபி எப்படிக் கிடைக்கிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இணைய இணைப்பு பற்றிப் பேச்சு வந்தாலே வலையமைப்பில் ஒரு சாதனத்தை அடையாளம் காட்டும் எண்ணான ஐபி முகவரி பற்றிய சந்தேகங்கள்தான் என்னிடம் திரும்பத் திரும்ப வருகின்றன. "ரவுட்டரை அணைத்துப் போட்டால் மாறிவிடும்" என்று ஒருவர் சொல்வார். இன்னொருவர் அதையே செய்து பார்த்துவிட்டு "மாறவே இல்லை" என்பார். அவரவர் இணைப்பைப் பொறுத்தவரை இரண்டுமே உண்மை. முகவரியைத் தீர்மானிப்பது இணைய நிறுவனம், ரவுட்டர் கேட்க மட்டும்தான் செய்கிறது. அந்த நிறுவனம் எந்த முறையில் முகவரி தருகிறது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே போட்டிருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்தே போகும், அதனால் வரிசையாகப் படிப்பது நல்லது.

என் கம்ப்யூட்டர்ல 192.168.1.5னு காட்டுது. இதுதானே என்னோட ஐபி?

அது வீட்டுக்குள் மட்டும் செல்லுபடியாகும் முகவரி. உங்கள் ரவுட்டரே அதை உங்கள் கம்ப்யூட்டருக்குக் கொடுத்திருக்கிறது. 192.168 என்று தொடங்குபவை, 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை தொடங்குபவை ஆகிய மூன்று தொகுதிகளும் உள் வலையமைப்புகளுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. உலகம் முழுக்க எண்ணற்ற வீடுகளில் இதே 192.168.1.5 இருக்கிறது. இணையத்தில் அது எங்கும் தெரியாது.

பொதுவாக இணையம் பார்ப்பது உங்கள் ரவுட்டரின் வெளிப்பக்கத்துக்கு வந்திருக்கும் ஐபியை. ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் 'இன்டர்நெட் ஸ்டேட்டஸ்' போன்ற ஒரு பகுதியில் அது இருக்கும். இனி வரும் பதில்களில் அதை வெளி ஐபி என்றும், வீட்டுக்குள் இருப்பதை உள் ஐபி என்றும் சொல்கிறேன்.

அந்த வெளி ஐபியை யார் தர்றாங்க? ரவுட்டரே எடுத்துக்குதா?

இல்லை, உங்கள் இணைய நிறுவனம்தான் தருகிறது. நிறுவனத்திடம் ஒரு முகவரித் தொகுப்பு இருக்கும். இணைப்பில் வரும் ஒவ்வொரு ரவுட்டருக்கும் அதிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுக்கும்.

வீட்டு இணைப்புகளில் இது பெரும்பாலும் இரண்டு வழிகளில் நடக்கிறது. ஒன்று டிஎச்சிபி, இன்னொன்று பிபிபிஓஇ. ரவுட்டரின் இணைய அமைப்புப் பக்கத்தில் 'கனெக்‌ஷன் டைப்' என்ற இடத்தில் 'டைனமிக் ஐபி' என்றோ 'ஆட்டோமேட்டிக்' என்றோ இருந்தால் டிஎச்சிபி. பயனர்பெயரும் கடவுச்சொல்லும் போட்டு வைத்திருந்தால் பிபிபிஓஇ. 'ஸ்டேட்டிக்' என்று இருந்து எண்களைக் கையால் நிரப்பியிருந்தால் உங்கள் முகவரி நிரந்தரமானது, அதை மாற்ற நிறுவனத்தைத்தான் கேட்க வேண்டும். வேறு எதையும் செய்து பார்ப்பதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள். மீதிப் பதில்களில் பாதி இதைப் பொறுத்தே மாறும்.

டிஎச்சிபில என்னதான் நடக்குது? கொஞ்சம் புரியற மாதிரி சொல்லுங்க.

ரவுட்டர் ஆன் ஆகும்போது அதற்குத் தன் முகவரியும் தெரியாது, முகவரி தரும் சர்வர் எங்கே இருக்கிறது என்பதும் தெரியாது. அதனால் 0.0.0.0 என்ற வெற்று முகவரியிலிருந்து 255.255.255.255-க்கு, அதாவது அந்தக் கம்பியில் கேட்கும் எல்லோருக்கும், "யாராவது முகவரி தருவீர்களா?" என்று ஒரு செய்தி அனுப்புகிறது. நிறுவனத்தின் சர்வர் "இந்த முகவரி தருகிறேன்" என்று பதில் சொல்கிறது. ரவுட்டர் "சரி, அதையே எடுத்துக்கொள்கிறேன்" என்கிறது. சர்வர் "உறுதி" என்கிறது. இப்படி நான்கு செய்திகள். எல்லாம் ஒழுங்காக இருந்தால் ஓரிரு நொடிகளில் முடிந்துவிடும்.

அந்தப் பதிலில் முகவரியோடு கேட்வே (வெளியே போகும் வழி), டிஎன்எஸ் சர்வர் (தளங்களின் பெயரை ஐபியாக மாற்றித் தருவது) விவரங்களும் வரும். நம் விஷயத்துக்கு முக்கியமான இன்னொன்றும் வரும்: இந்த முகவரியை எத்தனை நேரம் வைத்துக்கொள்ளலாம் என்ற கால அளவு. அதுதான் குத்தகைக் காலம். முகவரி உங்களுக்குச் சொந்தமில்லை, குத்தகைக்குத்தான் வந்திருக்கிறது. இன்றும் நடப்பில் இருக்கும் இந்த விதிமுறை 1997-இல் வெளியானது.

குத்தகை முடிஞ்சா நெட் கட் ஆயிடுமா?

முடியும் வரை ரவுட்டர் சும்மா இருக்காது. பாதிக் காலம் கடந்ததுமே, முகவரி கொடுத்த அதே சர்வரிடம் நேராகப் போய் நீட்டிப்பு கேட்கும். 24 மணி நேரக் குத்தகை என்றால் 12-ஆவது மணி நேரத்தில் முதல் கோரிக்கை போகும். சர்வர் ஒப்புக்கொண்டால் அங்கிருந்து மறுபடி 24 மணி நேரம். அந்த நேரத்தில் நீங்கள் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாலும் தெரியாது.

அந்த சர்வரிடமிருந்து பதில் வராவிட்டால், எட்டில் ஏழு பங்கு காலம் கடந்ததும், அதாவது 21-ஆவது மணி நேரத்தில், எந்த சர்வர் கேட்டாலும் பரவாயில்லை என்று எல்லோருக்கும் கேட்கும்படி அனுப்பத் தொடங்கும். அப்போதும் பதில் இல்லாமல் குத்தகை முடிந்துபோனால் முகவரியை விட்டாக வேண்டும். சர்வர் இடையில் "இந்த முகவரி இனி உனக்கு இல்லை" என்று மறுத்தாலும் அப்படித்தான். பிறகு முதலிலிருந்து கேட்க வேண்டும். இந்தப் பாதி நேரப் புதுப்பித்தலால்தான் சில வீடுகளில் மாதக்கணக்கில் ஒரே ஐபி இருக்கிறது. நிரந்தர ஐபிக்குப் பணம் கட்டாமலே நிரந்தரம் போல் தெரிவதும் இதனால்தான்.

ரவுட்டரை அணைச்சு ஆன் பண்ணினேன், அதே ஐபி திரும்ப வந்துடுச்சு. ஏன்?

டிஎச்சிபி இணைப்பில் இதுதான் எதிர்பார்க்க வேண்டிய விடை. பின்னால் இரண்டு காரணங்கள் இருக்கின்றன. சுவிட்சை அணைத்தால் ரவுட்டருக்கு "நான் போகிறேன்" என்று சொல்ல நேரமே கிடைக்காது. சர்வரின் ஏட்டில் உங்கள் குத்தகை ஓடிக்கொண்டே இருக்கும். திரும்ப ஆன் ஆனதும் அதே குத்தகை தொடரும். பல ரவுட்டர்கள் தங்கள் பழைய முகவரியை நினைவில் வைத்திருந்து "முன்பு இருந்ததையே கொடு" என்று கேட்கவும் செய்யும்.

சர்வரும் வேண்டுமென்றே பழையதைத்தான் தேடித் தருகிறது. விதிமுறையே அப்படித்தான் பரிந்துரைக்கிறது. நடப்பில் இருக்கும் குத்தகை இருந்தால் அது, இல்லையென்றால் முன்பு இருந்து காலாவதியான முகவரி காலியாக இருந்தால் அது, பிறகு ரவுட்டர் பெயர் சொல்லிக் கேட்ட முகவரி, கடைசியில்தான் தொகுப்பிலிருந்து புதியது. அடிக்கடி முகவரி மாறாமல் இருப்பது பொதுவாக எல்லோருக்கும் நல்லது என்பதால் இப்படி வைத்திருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு என்றுதான் நானும் நினைக்கிறேன்.

அப்ப எத்தனை மணி நேரம் அணைச்சு வைக்கணும்? ராத்திரி முழுக்க வைக்கச் சொல்றாங்க.

பொதுவாகச் சொல்ல ஒரு கணக்கு இல்லை. உங்கள் குத்தகைக் காலம் எவ்வளவு என்று ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் 'லீஸ் டைம்' என்ற வரியில் பாருங்கள். குத்தகை ஒரு மணி நேரமாக இருந்தால் இரவு முழுவதும் தேவையில்லை. ஒரு வாரமாக இருந்தால் ஓர் இரவு போதாது.

குத்தகை முடிந்த பிறகும் உறுதி கிடையாது. மேலே சொன்ன வரிசையில் இரண்டாவதாக இருப்பது காலாவதியான பழைய முகவரிதான். இடையில் அதை வேறு ஒருவருக்குக் கொடுத்திருந்தால்தான் உங்களுக்குப் புதியது வரும். தொகுப்பு நெருக்கடியாக இருக்கும் நிறுவனத்தில் இது சீக்கிரம் நடக்கும், தாராளமாக இருக்கும் இடத்தில் நாள்கணக்கில் காலியாகவே கிடக்கும். சில ரவுட்டர்களில் 'ரிலீஸ்' என்ற பொத்தான் இருக்கும். அது முகவரியை முறைப்படி திருப்பிக் கொடுத்துவிடும். ரிலீஸ் செய்து, முகவரியை மறுபடி கேட்கும் 'ரின்யூ' பொத்தானை உடனே அழுத்தாமல் ரவுட்டரை அணைத்து வைப்பதே கொஞ்சமாவது வாய்ப்புள்ள வழி. உடனே ரின்யூ அழுத்தினால் பெரும்பாலும் பழையதே கைக்கு வரும்.

கம்ப்யூட்டர்ல 'ஐபிகான்ஃபிக் ரிலீஸ்', 'ரின்யூ' கமாண்ட் போட்டேன். வெளி ஐபி மாறலையே?

மாறாது. அந்தக் கட்டளை உங்கள் கம்ப்யூட்டருக்கும் உங்கள் ரவுட்டருக்கும் இடையிலான குத்தகையைத்தான் புதுப்பிக்கிறது. மாறினால் உள் ஐபி மாறும். வெளி ஐபி ரவுட்டருக்கும் நிறுவனத்துக்கும் இடையிலான விஷயம். ரவுட்டர் இல்லாமல் கம்ப்யூட்டரை நேராக மோடமில் செருகியிருந்தால் மட்டும் அந்தக் கட்டளை வெளி ஐபியைத் தொடும்.

எங்க வீட்டுல ஒவ்வொரு தடவை ரீஸ்டார்ட் பண்ணும்போதும் ஐபி மாறுது. பக்கத்து வீட்டுல மாறவே மாட்டேங்குது. ஒரே ஊர்தானே?

பெரும்பாலும் உங்களுடையது பிபிபிஓஇ, அவர்களுடையது டிஎச்சிபி. பிபிபிஓஇ-யில் குத்தகை என்ற பேச்சே இல்லை. ரவுட்டர் முதலில் நிறுவனத்தின் அணுகு சாதனத்தை, அதாவது வாடிக்கையாளர் இணைப்புகள் போய்ச் சேரும் பெட்டியை, கண்டுபிடித்து ஓர் அமர்வைத் தொடங்குகிறது. பயனர்பெயரும் கடவுச்சொல்லும் சரிபார்க்கப்படுகின்றன. அது முடிந்ததும் அந்த அமர்வுக்கென்று ஒரு முகவரி தரப்படுகிறது. அமர்வு இருக்கும் வரை முகவரி இருக்கும். அமர்வு அறுந்தால் முகவரி தொகுப்புக்குத் திரும்பிவிடும், அடுத்த அமர்வுக்கு எது காலியாக இருக்கிறதோ அது வரும்.

அதனால் பிபிபிஓஇ-யில் புது ஐபி வேண்டுமென்றால் மின்சுவிட்சைத் தொடவே வேண்டாம். அமைப்புப் பக்கத்தில் 'டிஸ்கனெக்ட்' அழுத்தி, பிறகு 'கனெக்ட்' அழுத்தினால் போதும். ஒரு விதிவிலக்கு உண்டு: கணக்குகளைச் சரிபார்க்கும் சர்வரில் உங்கள் பயனர்பெயரோடு ஒரு குறிப்பிட்ட முகவரியை நிறுவனம் கட்டி வைத்திருந்தால், எத்தனை முறை இணைத்தாலும் அதே முகவரிதான் வரும்.

கரண்ட் போய் வந்ததும் கொஞ்ச நேரம் நெட் வர மாட்டேங்குது, பாஸ்வேர்டு தப்புன்னு காட்டுது. நான் எதையும் மாத்தலையே?

இதுவும் பிபிபிஓஇ இணைப்பில் வருவதுதான். ரவுட்டர் திடீரென்று அணைந்ததால் "முடித்துக்கொள்கிறேன்" என்ற செய்தி போகவில்லை. நிறுவனத்தின் பக்கத்தில் உங்கள் பழைய அமர்வு இன்னும் உயிரோடு இருப்பதாகக் கணக்கு. ஒரு பயனர்பெயருக்கு ஓர் அமர்வு மட்டும்தான் என்று அமைத்திருந்தால், உங்கள் புதிய முயற்சியை அது மறுத்துவிடும். பல ரவுட்டர்கள் எந்த மறுப்பையும் 'பாஸ்வேர்டு தவறு' என்றே காட்டும்.

அணுகு சாதனம் அவ்வப்போது "இருக்கிறாயா?" என்று ரவுட்டரைக் கேட்டுப் பார்க்கும். சில முறை பதில் வராவிட்டால் பழைய அமர்வைத் தானே கலைத்துவிடும். எனவே சில நிமிடங்கள் பொறுங்கள். அவசரப்பட்டு ரவுட்டரை ரீசெட் செய்து உண்மையான பயனர்பெயரையும் கடவுச்சொல்லையும் அழித்துவிடாதீர்கள். இந்த ஒரு காரணத்தால் தேவையில்லாமல் நாள்கணக்கில் இணைப்பு இல்லாமல் தவித்தவர்கள் நிறைய.

ரவுட்டர்ல 0.0.0.0னு வருது, சில நேரம் 169.254ல ஆரம்பிக்குது. இது புது ஐபியா?

இல்லை. ரவுட்டர் கேட்டது, யாரும் பதில் தரவில்லை என்பதைத்தான் இரண்டும் சொல்கின்றன. 169.254 தொகுதி, முகவரி கிடைக்காத சாதனம் தனக்குத்தானே வைத்துக்கொள்ளும் தற்காலிக எண். அதை வைத்து இணையத்துக்குப் போக முடியாது. கம்பி சரியாகச் செருகியிருக்கிறதா, மோடத்தின் சிக்னல் விளக்கு எரிகிறதா, இணைப்பு வகை சரியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பிபிபிஓஇ இணைப்பை ரீசெட் செய்த பின் ரவுட்டர் டிஎச்சிபிக்கு மாறியிருப்பது அடிக்கடி நடப்பது.

ரவுட்டர்ல 100.72னு தொடங்குற ஐபி இருக்கு. ஆனா ஐபி காட்டுற வெப்சைட்ல வேற ஏதோ வருது. எது உண்மை?

இரண்டும் உண்மை. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரிகள் 2012-இல் இணைய நிறுவனங்களின் உள் பயன்பாட்டுக்கென்று ஒதுக்கப்பட்டவை. உங்கள் வீட்டில் ரவுட்டர் பல சாதனங்களை ஒரே முகவரி வழியாக வெளியே அனுப்புகிறது. அதே வேலையை நிறுவனமும் பெரிய அளவில் செய்கிறது. அதைச் சிஜிநாட் என்பார்கள். அடுக்குமாடிக் குடியிருப்பில் எல்லா வீட்டுக்கும் தெருவாசல் ஒன்றே என்பதுபோல, பல வாடிக்கையாளர்கள் ஒரே பொது முகவரி வழியாக வெளியே வருகிறார்கள். காரணம் பற்றாக்குறை. பழைய ஐபிவி4 முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தான். உலக அளவிலான மையக் கையிருப்பு 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டது.

சிஜிநாட்டுக்குப் பின்னால் இருந்தால் ரவுட்டரின் ஐபி மாறினாலும் வெளியுலகுக்குத் தெரியும் ஐபி மாறும் என்று சொல்ல முடியாது. ரவுட்டரில் எதையுமே தொடாதபோது வெளியே தெரிவது மாறவும் செய்யலாம். வெளியிலிருந்து வீட்டுக் கேமராவைத் தொடர்பு கொள்ள 'போர்ட் ஃபார்வர்டிங்' (வெளியிலிருந்து வருவதை உள்ளே ஒரு சாதனத்துக்கு ரவுட்டர் திருப்பி விடுவது) போட்டாலும் வேலை செய்யாது. நிறுவனத்திடம் பொது ஐபி கேட்டுப் பெறுவதுதான் வழி.

ரவுட்டரின் வெளி ஐபியே 192.168 என்று தொடங்கினால் கதை வேறு. உங்கள் ரவுட்டருக்கு முன்னால் இன்னொரு ரவுட்டர் இருக்கிறது, பெரும்பாலும் நிறுவனம் வைத்துவிட்டுப் போன ஃபைபர் பெட்டி. உண்மையான வெளி ஐபி அதில்தான் இருக்கும். நீங்கள் உங்கள் ரவுட்டரை எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் அது அசையாது.

மேக் முகவரியை மாத்தினா புது ஐபி வரும்னு படிச்சேன். செய்யலாமா?

மேக் முகவரி என்பது ஒவ்வொரு வலையமைப்புச் சாதனத்துக்கும் இருக்கும் அடையாள எண். டிஎச்சிபி சர்வர் உங்களை அதை வைத்து அடையாளம் காண்கிறது என்றால், 'மேக் க்ளோன்' பகுதியில் அதை மாற்றியதும் புது ஆள் வந்ததாக நினைத்துப் புது முகவரி தரும். நல்ல வாய்ப்புள்ள வழிதான். பிபிபிஓஇ-யில் பயனர்பெயர்தான் அடையாளம் என்பதால் இதனால் பயன் இல்லை.

இதில் ஆபத்தும் உண்டு. சில நிறுவனங்கள் பதிவு செய்த மேக் முகவரிக்கு மட்டுமே இணைப்பு தரும், மாற்றினால் நெட் நின்றுவிடும். கேபிள் மோடம் தன்னிடம் முதலில் பேசிய சாதனத்தை மட்டும் நினைவில் வைத்திருக்கலாம். அப்படி என்றால் மோடத்தையும் அணைத்து ஆன் செய்தால்தான் புதிய மேக்கை ஏற்கும். பழைய மேக் எண்ணை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் உள்ள வேறு சாதனத்தின் எண்ணைப் போடாதீர்கள்.

நான் ஒண்ணுமே பண்ணல, ஐபி தானா மாறிடுது. கேமராவுக்கு வெளியே இருந்து போக முடியல. என்ன செய்ய?

நீங்கள் கவனிக்காத மின்தடை, நிறுவனத்தின் பராமரிப்பு வேலை, முகவரித் தொகுப்பை மாற்றியமைப்பது என்று பல காரணங்கள் இருக்கலாம். பிபிபிஓஇ அமர்வுகளைக் குறிப்பிட்ட இடைவெளியில் தாமே துண்டிக்கும் நிறுவனங்களும் உண்டு.

மாறாமல் தடுக்க முயல்வதைவிட, மாறினாலும் பாதிக்காதபடி செய்வது எளிது. டைனமிக் டிஎன்எஸ் சேவையில் ஒரு பெயரைப் பதிவு செய்து ரவுட்டரில் போட்டு வைத்தால், ஐபி மாறும்போதெல்லாம் ரவுட்டரே புதிய எண்ணை அந்தப் பெயருக்குத் தெரிவித்துவிடும். நீங்கள் பெயரை மட்டும் பயன்படுத்தினால் போதும். சிஜிநாட்டுக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு இது உதவாது. அவர்கள் பொது ஐபி வாங்க வேண்டும், அல்லது வீட்டிலிருந்தே வெளியே ஒரு விபிஎன் இணைப்பை (இணையத்தின் ஊடே போகும் தனிப் பாதை) திறந்து வைத்து அதன் வழியாக உள்ளே வர வேண்டும்.

ஐபிவி6ல இதெல்லாம் எப்படி?

ஐபிவி6 என்பது ஐபிவி4-க்கு அடுத்து வந்த, நீண்ட முகவரிகள் கொண்ட முறை. அங்கே ரவுட்டருக்கு ஒற்றை முகவரி மட்டும் வருவதில்லை, ஒரு முன்னொட்டே வருகிறது. ஒரு பெரிய முகவரித் தொகுதியின் தொடக்கப் பகுதி அது. வீட்டில் உள்ள ஒவ்வொரு ஃபோனும் கம்ப்யூட்டரும் அதை வைத்துத் தனக்கென்று பொது முகவரியை அமைத்துக்கொள்ளும். உதாரணமாக 56 பிட் முன்னொட்டு தந்தால், வீட்டுக்குள் 256 தனித்தனி வலையமைப்புகள் வைக்கலாம். இதற்கும் டிஎச்சிபி போன்ற குத்தகையும் புதுப்பித்தலும் உண்டு.

கம்ப்யூட்டர்களும் ஃபோன்களும் தனியுரிமைக்காக முகவரியின் பின்பாதியைத் தாமே வழக்கமாக நாளுக்கு ஒருமுறை மாற்றிக்கொள்கின்றன. அதைப் பார்த்துவிட்டு "என் ஐபி மாறிவிட்டது" என்று நினைக்க வேண்டாம். வீட்டை அடையாளம் காட்டும் முன்பாதி அப்படியேதான் இருக்கும்.

ஒரு வெப்சைட் என்னை பிளாக் பண்ணிடுச்சு. புது ஐபி வாங்கினா சரியாயிடுமா?

தடை ஐபியின் மேல் மட்டும் இருந்தால் சரியாகலாம். கணக்கின் மேலோ, உலாவியில் உள்ள குக்கிகளின் மேலோ இருந்தால் ஆகாது. தவறே செய்யாமல் தடை வந்திருந்தால், அந்த முகவரியை உங்களுக்கு முன் வைத்திருந்தவர் செய்த வேலையாகவோ, சிஜிநாட்டில் உங்களோடு பகிர்ந்துகொள்பவர் செய்ததாகவோ இருக்கலாம். அந்தத் தளத்துக்கே எழுதிக் கேளுங்கள்.

புது ஐபி வந்த பிறகும் திரும்பத் திரும்பத் தடை வருகிறதென்றால் உங்கள் வீட்டுச் சாதனங்களைச் சோதியுங்கள். பழைய கேமராவோ கம்ப்யூட்டரோ தீம்பொருள் ஏறி, உங்களுக்குத் தெரியாமல் குப்பை மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருக்கலாம். அதைச் சரிசெய்யாமல் ஐபியை மாற்றினால் அடுத்த முகவரியும் கெட்டுப்போகும். அது பின்னால் வேறு யாரோ ஒருவருக்குப் போகப் போகிற முகவரி.

ஐபி மாத்திட்டா நெட் வேகம் கூடுமா? யாருன்னு கண்டுபிடிக்க முடியாதா?

வேகத்துக்கும் ஐபிக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ரீஸ்டார்ட் செய்ததில் ரவுட்டரின் நினைவகம் காலியாகி, வைஃபை நெரிசல் இல்லாத சேனலுக்கு மாறியிருக்கலாம். வேகம் கூடியதற்கு அதுதான் காரணமாக இருக்கும்.

மறைந்துகொள்வதும் நடக்காது. எந்த நேரத்தில் எந்த முகவரி எந்த வாடிக்கையாளரிடம் இருந்தது என்று நிறுவனங்கள் பொதுவாகப் பதிவு வைத்திருக்கும். சிஜிநாட்டில், ஒரே முகவரியில் உள்ள இணைப்புகளைப் பிரித்துக் காட்டும் போர்ட் எண்ணும் நேரமும் சேர்ந்து பதிவாகும்.

ரிலீஸ் பண்ணிட்டேன், மேக் மாத்திட்டேன், வேற ரவுட்டரே மாட்டிட்டேன். அப்பவும் அதே ஐபி! இது எப்படி?

நிறுவனம் ரவுட்டரைப் பார்க்காமல் கம்பியைப் பார்க்கிறது. உங்கள் கோரிக்கை சர்வருக்குப் போகும் வழியில், நடுவில் இருக்கும் அணுகு சாதனம் "இது இந்தப் பெட்டியின் இந்த போர்ட்டிலிருந்து (கம்பி செருகும் வாயிலிருந்து) வருகிறது" என்று ஒரு குறிப்பைச் சேர்த்து அனுப்பும். டிஎச்சிபியில் அதற்கு 82-ஆம் எண் விருப்பப் புலம் என்று தனி இடமே உண்டு. சர்வர் அந்தக் குறிப்பை வைத்து முகவரி தந்தால், வீட்டில் எதை மாட்டினாலும் அதே முகவரிதான் வரும். பயனர்பெயருக்கே முகவரியைக் கட்டி வைத்த பிபிபிஓஇ இணைப்பு போல.

இந்த நிலையில் வீட்டிலிருந்து செய்யக்கூடியது எதுவும் இல்லை. வாடிக்கையாளர் சேவையை அழைத்து, "என் இணைப்பின் டிஎச்சிபி பதிவை நீக்கி வேறு முகவரி கொடுங்கள்" என்று கேளுங்கள். ஏன் வேண்டும் என்பதையும் சொல்லுங்கள்: எந்தத் தளம் தடுக்கிறது, எப்போதிலிருந்து, இப்போதைய வெளி ஐபி என்ன. முதலில் எடுப்பவர் "ரவுட்டரை ரீஸ்டார்ட் செய்யுங்கள்" என்பார். செய்து பார்த்துவிட்டதைச் சொல்லி, வலையமைப்புப் பிரிவுக்கு அனுப்பச் சொல்லுங்கள். பதிவை நீக்கும் அனுமதி அவர்களிடம்தான் இருக்கும்.